பூசணத்துக்குப் பயந்து ஆமையைக் காயப் போடாதீர்கள்

வீட்டுக்குள் தரை ஆமை வளர்ப்பவர்களிடையே ஓர் அறிவுரை ஓயாமல் சுற்றி வருகிறது. பெட்டியின் மூலையில், மரப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே, வெள்ளையாக இழை இழையாகப் பூசணம் தெரிகிறதா? ஈரம் அதிகமாகிவிட்டது. மூடியைத் திறந்து வை, தண்ணீர் விடுவதை நிறுத்து, இரண்டு நாள் நன்றாகக் காய விடு, சரியாகிவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பூசணமும் போய்த் தொலையும். ஆனால் பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கை அளவுகூட வளராத ஒரு குட்டி என்றால், பூசணத்தோடு சேர்ந்து அதன் ஓட்டின் ஒழுங்கான வளர்ச்சியும் போய்விடும். பூசணத்தைத் துடைத்துவிடலாம், மண்ணை மாற்றிவிடலாம். மேடு மேடாக எழும்பிவிட்ட ஓட்டைத் திரும்பச் சமப்படுத்த யாராலும் முடியாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் அந்த அறிவுரை எனக்கு ஒப்பவில்லை. பெட்டியில் எவ்வளவு ஈரம் என்று மட்டும் கேட்காமல், ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம் சூடாக இருக்கிறதா என்றும் கேட்கத் தொடங்கினால் பூசணம் கட்டுக்குள் வரும், குட்டியும் காயாது. இந்தப் பதிவு முழுக்க நான் வாதாடப்போவது இதற்காகத்தான்.

பேச்சு பொத்தாம் பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஓர் இனத்தை எடுத்துக்கொள்கிறேன். சஹாராவின் தெற்கு விளிம்பில் நீளும் சாஹெல் வறள்நிலத்தில் வாழும் சுல்காட்டா ஆமை. தீவுகளில் வாழும் ராட்சத ஆமைகளை விட்டுவிட்டால் உலகின் மிகப் பெரிய தரை ஆமை இதுதான். வளர்ந்தது 50 கிலோவைத் தாண்டிப் போகும். முட்டையை உடைத்துக்கொண்டு வரும் குட்டியோ ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவை வளர்ப்பிலேயே ஏராளமாகப் பிறக்கின்றன. காட்டில் பிடித்தவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2000 முதல் அனுமதி ஒன்றுகூடக் கிடையாது. இடையில் ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு நம்மூர் நட்சத்திர ஆமையைப் பெட்டியில் வைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் அதை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019 இல் சைட்டிஸின் முதல் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாக அவை பிடிபடும் செய்திகளைப் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. நான் பேசுவது, சட்டப்படி வளர்க்க முடிகிற குளிர்நாடுகளில், பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் குட்டிகளைப் பற்றி.

முதலில் ஈரம் ஏன் வேண்டும் என்பதைத் தீர்த்துவிடலாம். ஆமை ஓட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு தகடும் நகத்தில் இருப்பதைப் போன்ற கெராட்டினால் ஆனது. தகடுகள் ஒன்றோடொன்று சேரும் ஓரங்களில்தான் புதுக் கெராட்டின் வருகிறது. வளர்ப்பில் இருக்கும் குட்டிகளுக்கு ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கோபுரமாக எழும்பிவிடுவதைப் பிரமிடிங் என்கிறார்கள். நெடுங்காலமாக இதற்குப் புரதத்தின் மேல்தான் பழி. தீனியில் புரதம் கூடினால் ஓடு எழும்பும் என்று கையேடுகள் அடித்துச் சொல்லின. வியன்னாவில் கரோலின் வீஸ்னரும் கிறிஸ்டின் ஈபனும் இதைச் சோதித்துப் பார்த்து 2003 இல் முடிவை வெளியிட்டார்கள். 50 சுல்காட்டா குட்டிகளை 5 மாதம் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு அளவு புரதத்திலும் வளர்த்தார்கள். ஈரப்பதம் 24 முதல் 58 சதவீதத்துக்குள் இருந்த குட்டிகளுக்கும், 31 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தவற்றுக்கும் ஓட்டு மேடுகள் உயரமாக வந்தன. 45 முதல் 99 சதவீதம் வரை ஈரப்பதம் கிடைத்த குட்டிகளுக்கு மேடுகள் குறைவு. புரதத்தின் பங்கு இருந்தது, ஆனால் சொற்பம். ஐந்தே மாதம், ஒரே இனம், ஓர் ஆய்வு. இதை வைத்து எல்லா ஆமைக்கும் விதி எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ‘ஈரத்தைக் குறை’ என்று சொல்பவர்கள் தங்கள் பக்கத்தில் இந்த அளவுக்காவது ஒரு சான்றைக் காட்ட வேண்டும். ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வளர்ப்பாளர்கள் சொல்லும் விளக்கமும் ஏற்கும்படியாக இருக்கிறது. ஓரத்தில் வரும் புதுக் கெராட்டின் வறண்ட காற்றில் சட்டென்று காய்ந்து விறைத்துவிடுகிறது. பக்கவாட்டில் விரிய வழியில்லாமல், அடுத்தடுத்து வரும் அடுக்குகள் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன.

‘வறள்நிலத்து ஆமைக்கு எதற்கையா ஈரம்?’ இந்த மறுப்பு உடனே வரும், வர வேண்டியதும்தான். சாஹெலில் வருடத்தின் பெரும்பகுதி ஒரு துளி மழை கிடையாது, வானிலை நிலையத்துக் கருவி பகலில் காட்டும் ஈரப்பதம் மிகக் குறைவு. ஆனால் அந்தக் கருவி நிழற்கூண்டுக்குள் ஆள் உயரத்தில் இருக்கிறது, ஆமை அங்கே வாழவில்லை. சுல்காட்டா பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும் இனம். கோடையின் கொடும்பகலை வளைக்குள் அடங்கிக் கழிக்கும். மண்ணுக்குள் அடைந்து நிற்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சி, ஈரமும் கூடுதல். சிறு குட்டிகளோ புல்லின் தூரிலும் புதரின் அடியிலும் ஒளிந்து கிடப்பவை. மழை மாதங்களில் தரையை ஒட்டிய அந்த ஒரு சாண் உயரத்துக் காற்று, மேலே வீசும் காற்றோடு எந்த வகையிலும் சேராது. அதிலும் வளர்ச்சி நடப்பது பச்சைத் தீனி கிடைக்கும் அந்த மாதங்களில்தான். வளர்கிற காலம் ஈரமான காலம். நாம் வீட்டில் செய்வது என்ன? வருடம் முழுக்கத் தீனி கொடுத்து வருடம் முழுக்க வளர விடுகிறோம். ஈரத்தை மட்டும் வறட்சிக் காலத்து அளவுக்கு வைக்கிறோம். இயற்கையைப் பின்பற்றுகிறோம் என்று அதற்குப் பெயர் வேறு வைத்துக்கொள்கிறோம். (நட்சத்திர ஆமையைப் பார்த்தவர்கள், அதற்குக் காட்டிலேயே ஓடு மேடாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்த இனத்தின் உருவம். எல்லா மேடும் நோய் ஆகாது. சுல்காட்டாவுக்கு ஓடு வழவழப்பாக இருக்க வேண்டும்.)

சரி, ஈரம் வேண்டும். அப்படியானால் பூசணம் வருமே? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் சொல்லும்போது, அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். அந்த அதிகபட்சம் வெப்பத்தோடு வேகமாக ஏறும். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 கிராம் கூட வராது, 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். வெளியே 0 டிகிரி, பனிமூட்டம், ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 25 சதவீதமாகிவிடும். அதே காற்று ஆமைப் பெட்டிக்குள் 30 டிகிரிக்குச் சூடானால் சுமார் 14 சதவீதம். நீர் எங்கும் போகவில்லை, காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் மனிதர்களும் சமையலும் செடிகளும் இதைச் சற்று உயர்த்தும் என்றாலும், பனிக்காலத்தில் சூடான விளக்கின் கீழ் திறந்த பெட்டியில் இருக்கும் குட்டி, சொந்த ஊர்க் கோடையின் காற்றைத்தான் சுவாசிக்கிறது, ஓடி ஒளிய வளை இல்லாமல்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 60 என்று ஒரு பெட்டி. உள்ளே 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று முழுவதிலும் இருக்கும் நீர் சுமார் 10 கிராம். இரண்டு தேக்கரண்டி, அதற்கு மேல் இல்லை. அந்தக் காற்று ஒருமுறை வெளியேறி, பனிக்காலத்து அறைக்காற்று உள்ளே வந்தால் 8 கிராம் நீர் போய்விடும். மேலே வலை மட்டும் போட்ட பெட்டியில் சூடான காற்று இடைவிடாமல் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். மணிக்கு ஐந்து முறை மாறுகிறது என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும், ஈரப்பதத்தைத் தக்கவைக்க. அதே பெட்டியை நன்றாக மூடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று மாறும்படி சிறு துளைகள் மட்டும் விட்டால் ஒரு நாளைக்கு 100 மில்லி போதும். திறந்த பெட்டிக்காரர் ஏன் நாள் முழுக்கத் தெளிப்பானும் கையுமாக நிற்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும். அவர் தெளிக்கும் தண்ணீர் மேற்பரப்பை நனைக்கிறது, காற்றுக்குப் போன பங்கு சற்று நேரத்தில் வலை வழியே வெளியேறிவிடுகிறது. வெப்பம் சரியாகப் படாத மூலையில் மட்டும் மேல்மண் சொதசொதவென்று கிடக்கிறது. விளக்குக்கு அடியில் உதட்டைக் காய வைக்கும் வறட்சி, எதிர்மூலையில் பூசணம். ஒரே பெட்டி, ஆமைக்குப் பாலைவனமாகவும் பூசணத்துக்குச் சோலையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். இதைக் கவனிக்காமல் நடுவில் ஒரு ஈரமானியை மாட்டி 50 சதவீதம் என்று படித்து, ‘அதிகம்தான் போல’ என்று மூடியைத் திறப்பவருக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

பூசணத்தின் பக்கத்தில் இருந்தும் யோசிக்க வேண்டும். அதன் வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன, அவற்றைத் தடுத்து நிறுத்தும் வேலை நடக்காது. அதற்கு வேண்டியது தின்ன ஏதாவது, ஓரளவு வெப்பம், மேற்பரப்பில் நீடித்த ஈரம். பெரும்பாலான பூசணங்களுக்கு, தாங்கள் ஒட்டியிருக்கும் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நீண்ட நேரம் இருக்க வேண்டும். பெட்டியின் நடுவில் என்ன எண் காட்டுகிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. குளிர்ந்த பரப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது குடியேறும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராக மாறிவிடும். 20 டிகிரி அறையில் நிற்கும் ஒற்றைக் கண்ணாடிச் சுவரின் உட்புறம் அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். இட்லிப் பானையின் மூடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. அது சுவரில் வழிந்து கீழ் ஓரத்து மண்ணில் இறங்குகிறது. அங்கே வெப்பம் குறைவு, காற்றசைவும் குறைவு. பூசணம் முதலில் மூலைகளில் தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவே கண்ணாடிப் பெட்டியில் பூசணம் வருகிறது என்றால் முதல் வேலை, வெளிப்புறத்தில் தெர்மாகோல் பலகையை ஒட்டிச் சுவரைச் சூடாக்குவது. ஈரத்தைக் குறைக்காமலே பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி அடிமண்ணில் இருக்கிறது. 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, தண்ணீரைத் தெளிக்காமல் மூலைகளில் மெதுவாக ஊற்றினால் அது நேராக அடிக்குப் போய்விடும். அடியடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு தொட்டால் உலர்வாகவும் இருக்கும். கீழிருந்து ஆவி மெதுவாக ஏறிக்கொண்டே இருப்பதால் காற்று ஈரமாக நிற்கும், ஆமையின் அடிவயிற்று ஓடு மட்டும் நனையாது. மேலடுக்கை அவ்வப்போது கிளறி விட வேண்டியதுதான். பூசண இழைகளைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுப்பதும் அதே கிளறல்தான். எந்தப் பொருளைப் போடுவது என்பதில் எனக்குப் பட்டைத் துண்டுகளும் கோகோபீட்டும் மேல் அடுக்கு, கீழ் அடுக்காக இருப்பது பிடித்திருக்கிறது. கீழே கோகோபீட், அதன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பட்டை, அது சீக்கிரம் உலரும். உலகமெங்கும் ஆமைக் கடைகளில் விற்கும் கோகோபீட் கட்டியில் பெரும்பங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து போவது, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் கழிவும் அதில் சேர்த்தி. நன்றாகக் கழுவாத கோகோபீட்டில் உப்பு அதிகம் நிற்கும் என்பதால், கழுவியது என்று பார்த்து வாங்குவதும் ஒருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுவதும் நல்லது. தேவதாரு, சிடார் போன்ற வாசனை எண்ணெய் உள்ள மரத்தூள் மூடிய பெட்டிக்கு ஆகாது. வைக்கோலும் உலர்புல்லும் எல்லாவற்றையும் விட மோசம். சுல்காட்டா புல் தின்னும் விலங்கு என்பதால் படுக்கையும் அதுவாகவே இருக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம்பட்ட உலர்புல் இரண்டே நாளில் பூத்துவிடும். பூத்த வைக்கோலின் தூசியைத் தொடர்ந்து மூச்சில் இழுத்த குடியானவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அந்தத் தூசிக்கு நடுவில் மூக்கைத் தரையோடு வைத்து நடப்பது ஆமை.

புதிதாகப் போட்ட பட்டையில் முதல் சில வாரங்களில் வெள்ளை இழை பூப்பதைப் பார்த்துப் பெட்டியையே காலி செய்பவர்கள் உண்டு. தேவையில்லை. பட்டையில் எளிதில் கரையும் சர்க்கரையும் மாவும் தீரும் வரைதான் அந்த ஆட்டம். தீர்ந்ததும் தானாக அடங்கும். புதுப் பட்டை போட்டுப் போட்டு மாற்றுகிறவர் அந்த முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப அனுபவிக்கிறார். கவலைப்பட வேண்டியது பச்சையும் கருப்புமாக, மிச்சத் தீனியின் மேலும் கழிவின் மேலும் வருவதைப் பற்றி. வெள்ளரியும் சர்க்கரைவள்ளியும் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு கிடந்தால் போதும். தீனியை ஒரு தட்டையான கல்லிலோ ஓட்டிலோ வைத்து, தின்று முடித்ததும் எடுத்துவிட்டால் இதில் பெரும்பகுதி வராமலே போகும். மண்ணில் ஸ்பிரிங்டெயில் எனப்படும், கடுகைவிடச் சிறிய பூச்சிகளை விட்டு வைப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. அவை பூசண இழையையே மேய்பவை. கூடவே இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான, தொட்டால் சுருளும் ஐசோபாட்களையும் விடுகிறார்கள். அவை மட்கும் இலையையும் கழிவையும் தின்னும். குட்டி இருக்கும் பெட்டிக்கு இந்தத் துப்புரவுப் படை நன்றாகவே உழைக்கும். வளர்ந்து பாத்திரம் அளவு ஆகிவிட்ட சுல்காட்டாவின் சாணத்தை இவற்றின் தலையில் கட்டாதீர்கள், முறம் எடுத்து நீங்களே அள்ள வேண்டியதுதான். இன்னொன்று, இந்தப் பூச்சிகள் உயிர்வாழ்வதே அடியில் ஈரம் இருப்பதால். பூசணத்துக்குப் பயந்து காய வைத்தால் முதலில் சாவது பூசணத்தைத் தின்பவைதான். பூசணமோ வித்தாக ஒடுங்கிக் காத்திருக்கும், அடுத்த முறை தண்ணீர் விட்டதும் தட்டிக் கேட்க ஆளில்லாமல் எழும்பும்.

இப்போது கனமான மறுப்புக்கு வருகிறேன். ஈரத்தில் வைத்தால் ஆமைக்குச் சளி பிடிக்கும், நுரையீரல் அழற்சி வரும், ஓடு அழுகும் என்று விலங்கு மருத்துவர்களே எச்சரிக்கிறார்களே? எச்சரிப்பது சரி. அவர்கள் மேசைக்கு வரும் ஆமைகள் உண்மையிலேயே ஈரமான பெட்டிகளில் இருந்து வந்தவைதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் ஈரத்தோடு கூட இன்னொன்றும் இருந்திருக்கும், குளிர். ஆமை தன் உடல்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு கிடையாது. அதன் நோயெதிர்ப்பும் செரிமானமும் வெளி வெப்பத்தை நம்பி இருக்கின்றன. பகலில் விளக்கின் கீழ் சூடாக இருந்துவிட்டு இரவில் விளக்கணைந்ததும் 18 டிகிரி ஈரமண்ணில் கிடந்தால் வெப்பநாட்டு ஆமைக்கு உடம்பு கெடாமல் என்ன செய்யும்? காற்று குளிரும்போது ஈரப்பதம் தானாக 100ஐத் தொடும், எல்லாப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும், விடியும் வரை அப்படியே நிற்கும். ஈரமான பெட்டி இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரோ, கூரையில் பொருத்தும் வெப்பத் தகடோ வைத்து, தெர்மோஸ்டாட் மூலம் கட்டுப்படுத்தினால் இது நடக்கும். (தெர்மோஸ்டாட் இல்லாமல் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் ஹீட்டர் வைப்பது தீயை விலை கொடுத்து வாங்குவது.) ஓடு அழுகும் விஷயமும் இதே தடத்தில்தான் போகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் கூட்டாகத் தாக்குவது அது. நனைந்த அழுக்கு மண்ணில் நாள்கணக்கில் அடிஓடு பட்டுக்கொண்டே இருந்தால், அதிலும் எங்கேயாவது கீறல் இருந்தால் வரும். ஈரக்காற்று மட்டும் அதைக் கொண்டு வராது. அதற்குத்தான் மேலடுக்கு உலர்வாக இருக்க வேண்டும், ஆமை ஏறிக் காய ஒரு சூடான கல் இருக்க வேண்டும். சளி என்று வந்துவிட்டால் அது மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்து ஆமைகளுக்கு, அந்த வறட்சியிலேயே, மூக்கு ஒழுகும் நோயைக் கொண்டுவருவது அதுதான். மூக்கு ஒழுகுகிறதென்று மூடியைத் திறந்து வைத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கே ஒரு விலக்கை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை போன்ற மத்தியதரைக்கடல் இனங்களுக்கு நான் சொன்ன மூடிய, இரவும் பகலும் சூடான பெட்டி பொருந்தாது. அவற்றுக்கு இரவில் வெப்பம் இறங்குவது இயல்பு, பகலில் நல்ல காற்றோட்டம் வேண்டும். ஆனால் அவற்றின் குட்டிகளும் பகலின் பெரும்பகுதியைச் செடிக்கடியில் புதைந்து கழிப்பவைதான். திறந்த மேசையில் வளர்த்தாலும், ஒளிந்துகொள்ளும் கூண்டுக்குள் ஈரப்பாசி போட்டு, அந்த மூலையின் அடிமண்ணை மட்டும் நனைத்து வைத்தால் குட்டிக்குத் தேவையான ஈரம் அங்கே கிடைத்துவிடும். அளவு மாறுகிறது, இடத்தைப் பற்றிய யோசனை மாறவில்லை. மறுபக்கம், தென்னமெரிக்கக் காடுகளின் செங்கால் ஆமைக்குச் சுல்காட்டா குட்டியைவிடவும் ஈரம் வேண்டும், அது வளர்ந்த பின்னும் வேண்டும். அடிஓட்டில் பூஞ்சை பிடிப்பதும் அதற்கே அதிகம் என்பதால் மேல்மண் உலர்வு இரண்டு மடங்கு முக்கியம். காளான்களைத் தேடித் தின்னும் பழக்கமும் அதற்கு உண்டு. ஈரமான கோகோபீட்டில் சில வேளை மஞ்சள் நிறத்தில் சிறு குடைக்காளான் முளைக்கும், பூந்தொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அது தின்னத் தக்கதல்ல. கண்ணில் பட்டதும் பிடுங்கி எறிய வேண்டும், குடை விரியும் முன்னரே என்றால் இன்னும் நல்லது.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார், பூசணம் அவருக்கு ஆகாதே என்பது நியாயமான கவலை. அதற்கும் மூடிய பெட்டியே மேல். திறந்த பெட்டியின் ஈரமும் வித்தும் அறைக்குள்தான் வருகின்றன, ஜன்னல் ஓரத்துச் சுவரில் படிகின்றன. பிளைவுட் பெட்டியாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை: உட்புறம் முழுக்க எபாக்சியோ குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்போ போடாவிட்டால் இணைப்புகளில் ஈரம் புகுந்து பலகைக்குள்ளேயே பூசணம் வளரும், அதைத் துடைக்க வழியில்லை. பிளீச்சிங் கரைசலைப் பற்றியும் கேட்பார்கள். காலி செய்த பிளாஸ்டிக் சுவரைத் துடைத்து, அலசி, நன்றாகக் காயவிட அது உதவும். மண்ணில் ஊற்றினால் மண்ணிலுள்ள மட்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும், ஆமைக்கு மூச்செரிச்சல்தான் மிச்சம். பனிமூட்டம் கக்கும் ஃபாகர் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தொட்டியில் தேங்கும் தண்ணீரில் வளர்வதையெல்லாம் நுண்துளியாக்கி நேரே நுரையீரலுக்கு அனுப்பும் கருவி அது. மேற்பரப்பையும் நனைத்துத் தொலைக்கும்.

கடைசியாக ஈரமானி. இவ்வளவு வாதமும் எண்களின் மேல் நிற்கிறது. கடையில் கிடைக்கும் முள் வைத்த வட்ட ஈரமானிகளோ பெரும்பாலும் தோன்றியதைக் காட்டுபவை. டிஜிட்டல் வாங்கினாலும் சோதித்துவிட்டு நம்புங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்து தண்ணீராகிவிடாமல் கூழாக நிற்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் போட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். உப்பின் நிறைகரைசலுக்கு மேலிருக்கும் காற்று அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 68 காட்டினால் எப்போதும் 7ஐக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். கருவி ஒன்று மட்டும் போதாது, சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் தரையோடு ஒட்டி ஒன்று. இரண்டாவதன் எண் விடாமல் 95ஐத் தாண்டி நின்றால் அந்த மூலையைச் சூடாக்குங்கள், அடுத்த முறை தண்ணீரை எதிர்முனையில் ஊற்றுங்கள். மூடி மூடியபடியே இருக்கட்டும்.